மாமா, துப்பாக்கியை எடுங்க!

"மாமா, தாத்தாவோட துப்பாக்கி எங்கே?"

அமெரிக்காவிலிருந்து ஆறு வருஷம் கழித்து வந்த என் தங்கை மகன், திண்ணையில் முதுகு மூட்டையை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான். 'நல்லா இருக்கீங்களா' எல்லாம் அதற்கப்புறம்தான். உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்த என் அம்மா, "வந்ததும் வராததுமா யாரைடா சுடப் போறே?" என்றாள்.

சுடுவதற்கு இல்லையாம். பாதுகாப்புக்காம். பையன் ஒரு திட்டத்தோடு வந்திருந்தான். எங்கள் கிளியனூரிலிருந்து கிழக்கே நடந்து, கழுவேலிக் கரையைப் பிடித்து, மரக்காணம் உப்பளம் வரைக்கும் போவது. ராத்திரி அங்கேயே கூடாரம். அது ஒத்திகை. அடுத்த வாரம் ஆனைமலைக் காட்டில் மூன்று நாள். இரண்டுக்கும் நான் துணை. எனக்குத் துணை, அப்பாவின் இரட்டைக்குழல்.

"ஏன்டா, கிளியனூர்ல இருந்து மரக்காணம் போறதுக்குத் துப்பாக்கி எதுக்கு? பஸ்ஸுல இடம் பிடிக்கவா?"

"சிரிக்காதீங்க மாமா. அங்கே நான் காட்டுக்குப் போனா இடுப்புல பிஸ்டல் இல்லாம போறதில்லை. சட்டப்படி!"

பையன் இருப்பது மோன்டானா மாநிலத்தில். கிரீன் கார்டு வாங்கிய கையோடு துப்பாக்கியும் வாங்கிவிட்டான். பக்கத்திலேயே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. கரடி சாதாரணமாக நடமாடும் இடம். முன்பெல்லாம் அங்கத்திய தேசியப் பூங்காக்களில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நடக்கக் கூடாது என்று இருந்ததாம். 2010 பிப்ரவரி 22 முதல், எந்த மாநிலத்தில் பூங்கா இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அனுமதி வந்தது எந்தச் சட்டத்தில் தெரியுமோ? 2009-ல் கிரெடிட் கார்டு கம்பெனிகளைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டத்தில்! வட்டி விகிதத்துக்குப் பின்னால் கரடியைச் செருகியிருக்கிறார்கள். நம்மூர் அரசியல்வாதிகள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கரடி வந்தா சுடலாமா?"

கொஞ்சம் தயங்கினான். "வச்சுக்கலாம் மாமா. ஆனா பூங்காவுக்குள்ள சுடுறது குற்றம்தான். அரசாங்கக் கட்டடத்துக்குள்ள எடுத்துட்டும் போகக் கூடாது. அங்கே அதிகாரிங்க எல்லாம், முதல்ல மிளகாய் ஸ்ப்ரே வச்சுக்கோன்னுதான் சொல்றாங்க."

"அப்போ துப்பாக்கி எதுக்கு?"

"ஒரு தைரியத்துக்கு."

இந்த வார்த்தையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷனில்!

அப்பா செய்த குற்றம் எதுவும் இல்லை. 2022-ல் அவர் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் அவர் பெயரில். ஆள் போன பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால், வாரிசாகவே இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான். ஆகவே காரியம் முடிந்த கையோடு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தேன். ஒரு விதத்தில் அதற்கு அது பழகின இடம்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 1989-ல் ஜனவரியில் சட்டசபைத் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். அந்த வருஷம் அப்பாவின் துப்பாக்கி இரண்டு தடவை மாமியார் வீடு போய் வந்தது. எங்கள் வீட்டில் ஓட்டுப் போட அப்பா கிளம்புவதற்கு முன்னாலேயே துப்பாக்கி கிளம்பிவிடும்.

துப்பாக்கி வீடு. ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே அதுதான். தபால்காரர்கூட "துப்பாக்கி வூட்டுக்கு ஒரு மணியார்டர்" என்பார். எங்கள் அம்மாவைக் கேட்டால், அந்தப் பெயருக்காகத்தான் என் தங்கைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது என்பாள். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய்ச் சம்மதித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

"வாரிசு நீங்கதானே? எழுதிக் குடுத்து வாங்குங்க" என்றான் பையன். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷமாக நானே போடலாமா வேண்டாமா என்று வைத்திருந்த விண்ணப்பம் அது. சரி என்று அவனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவர் இருக்கிறார். சட்டப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். கூடவே முறுக்கும் கொடுப்பார்.

அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, கழுவேலி இப்போ என்னன்னு தெரியுமா? சரணாலயம்!"

வாஸ்தவம். 2021 டிசம்பரில் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. வானூர், மரக்காணம் தாலுகாக்களில் 5,151 ஹெக்டேர். பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லுவார்கள். நாங்கள் சின்ன வயசில் நண்டு பிடித்த இடம், இப்போது கெஜட்டில் ஏறிவிட்டது.

"1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 31-வது பிரிவு. சரணாலயத்துக்குள்ள எந்த ஆயுதத்தோடயும் நுழையக் கூடாது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் குடுத்த அதிகாரியோ முன்கூட்டியே எழுத்துமூலமா அனுமதி தரணும். தேசியப் பூங்காவுக்கும் இதே கதைதான். கலெக்டர் குடுத்த லைசென்ஸ் பாக்கெட்ல இருந்தாலும் சரி, அது இங்கே செல்லாது."

"சார், ஆயுதம்னா துப்பாக்கிதானே?" என்றான் பையன்.

"துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு, வெடி, கத்தி, வலை, தூண்டில் முள்ளு, விஷம், கண்ணி... எல்லாம் அந்தச் சட்டத்துல ஆயுதம்தான்."

பையன் மெதுவாகப் பேன்ட் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஆப்பிள் நறுக்கும் மடக்குக் கத்தி அங்கே இருந்தது.

அடுத்தது 34-வது பிரிவு. இது எனக்கே புதுசு. ஓர் இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் துப்பாக்கி லைசென்ஸ்தாரர்கள் எல்லாரும் மூன்று மாதத்துக்குள் வனத்துறையிடம் பெயரைப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் புதிதாக லைசென்ஸ் கொடுப்பதென்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எங்க வீடு பத்து கிலோமீட்டருக்குள்ள வருதா சார்?"

"எந்தக் கரையிலேர்ந்து அளக்கறாங்க, ரோட்டு வழியா அளக்கறாங்களா, காக்கா பறக்கற வழியா அளக்கறாங்களான்னு பார்க்கணும். உங்க வீட்டுக்கு நடுவால கோடு போனாலும் போகும். திண்ணையில வச்சிருந்தா குத்தம், கொல்லையில வச்சிருந்தா குத்தமில்லை!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் அடுத்துச் சொன்னதில் பையனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தற்காப்புன்னு ஒண்ணு இருக்கே சார்? யானையோ கரடியோ மேல பாஞ்சா?" என்று கேட்டான். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. 11-வது பிரிவு. உயிரைக் காத்துக்கொள்ள, நல்லெண்ணத்தோடு ஒரு வனவிலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை. செத்த விலங்கு அரசாங்கச் சொத்து. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு வால் இருக்கிறது. அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், சலுகை கிடையாது.

"புரியுதா தம்பி? வெறுங்கையோட போய், யானை துரத்தி, கிடைச்சதை எடுத்து அடிச்சீங்கன்னா சட்டம் உங்க பக்கம். அனுமதியில்லாம துப்பாக்கியோட போயிட்டீங்கன்னா, யானையே முதல்ல கை வச்சிருந்தாலும் கேஸ் உங்க மேலதான். பாதுகாப்புக்குன்னு எடுத்துட்டுப் போறீங்க பாருங்க, அந்தத் துப்பாக்கிதான் உங்க பாதுகாப்பைப் புடுங்குது!"

எனக்கு அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பிடித்திருந்தது. அமெரிக்காவில் நடக்கிறவன் பயத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. நார்வேக்காரர்களின் ஸ்வால்பார்டு தீவுகளில் இன்னும் ஒரு படி மேலே. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தே ஆக வேண்டும். இங்கே, காட்டுக்குள் நீ விருந்தாளி, கையை வீசிக்கொண்டு வா என்கிறார்கள்.

எல்லாருக்கும் இப்படியா என்றால், இல்லை. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் போட்ட ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் என்றது. அது போய் 1959 சட்டம் வந்த பிறகும் குடகு நாட்டில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு. 2019-ல் அதை மத்திய அரசு இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. இந்தப் பக்கம், நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொக்கு, காடை என்று பிழைத்த நரிக்குறவர்களுக்கோ, வேட்டைச் சட்டம் இறுக இறுக ஊசி, பாசிமணி என்று தொழிலே மாறிப்போனது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவே 2023 ஆனது. துப்பாக்கிச் சட்டத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், அது துப்பாக்கியைப் பற்றிய கணக்காகவே தெரியாது.

எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது பாதுகாப்பு லைசென்ஸ். 1959 சட்டம், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி, பயிர் காக்க என்றால் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று பிரித்து வைத்திருக்கிறது. அப்பா முதல் வகை. பன்றி என்ன, லைசென்ஸ் வகையைப் பார்த்தா வரப்போகிறது?

திரும்பும் வழியில் பையன் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து, "சரி மாமா. துப்பாக்கி இல்லாமயே கழுவேலி போவோம்" என்றான்.

சரணாலயத்துக்குள் கூடாரம் போடுவதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் கரையோர ஊர்ப் பாதையோடு நிற்பது, ராத்திரி அத்தை வீட்டில் படுப்பது, விடியலுக்கு முன்னால் எழுந்து நடப்பது என்று திட்டத்தைச் சுருக்கினேன். ஆயுதம்? ஒரு டார்ச், ஒரு மூங்கில் கழி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பூட்ஸைப் பார்த்து அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் பன்னிரண்டு லட்சம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வுக் கணக்கு. வருஷத்துக்கு 58,000 பேர். அதில் இரட்டைக்குழலால் காப்பாற்றியிருக்கக் கூடியவர் ஒருத்தராவது இருப்பாரா? கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால், அதிர்வு தெரிந்து அது பாட்டுக்குப் போய்விடும். பெரும்பாலும்!

நாலரை மணிக்குக் கிளம்பினோம். தை மாசப் பனி. தண்ணீர்ப் பக்கம் ஊசிவால் வாத்துகள் கூட்டமாகக் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தன. பூநாரை இருக்கிறதா என்று பையன் டார்ச் அடித்துப் பார்த்தான். "அணைடா, அதுங்க தூங்கட்டும்" என்றேன். கரை திரும்புகிற இடத்தில் அத்தை வீட்டு நிலம். இப்போது சவுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் என் கால் தானாக நின்றது.

பையன் எங்களுக்கு முன்னால் இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி ஆடி ஆடி வருவதைப் பார்த்து என் கையைப் பிடித்தான். "மாமா, என்ன அது?"

அந்தப் பிடியில்தான் சொல்ல ஆரம்பித்தேன். இதுவரை அம்மாவுக்கும் சொல்லாத கதை.

1986. எனக்குப் பதினாலு வயசு. அப்போது இங்கே மல்லாட்டை போட்டிருந்தார்கள். (நிலக்கடலை என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது.) பன்றி வந்து வேரோடு பெயர்த்துவிட்டுப் போகிறது என்று அத்தை ஆள் அனுப்ப, அப்பா துப்பாக்கியோடு வந்தார். நான் அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். "துப்பாக்கி எதுக்குப்பா, தட்டைத் தட்டினா ஓடாதா?" என்று கேட்டேன். "ஒரு தைரியத்துக்குடா" என்றார்.

வரப்பு மேலே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நேரம் போகப் போகத் தைரியத்துக்குக் கொண்டுவந்த சாமான் பயத்தைத்தான் கிளப்பியது. சும்மா இருந்தால் காற்று என்று நினைத்திருக்கிற சத்தமெல்லாம், மடியில் அது இருந்ததால் பன்றியாகக் கேட்டது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வயலுக்கு அந்தப் பக்கம் சருகு நசுங்கும் ஓசை. இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. தாழ்வாக, ஒரு கண்ணு மாதிரி. மினுங்கியது, மங்கியது, மறுபடி மினுங்கியது.

அப்பா துப்பாக்கியை உயர்த்தினார். குதிரையைப் பின்னால் இழுத்த 'க்ளிக்' இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மூச்சைப் பிடித்தார். நானும் பிடித்தேன்.

அந்தச் சிவப்புக் கண், இருமியது.

மனுஷ இருமல். பீடி இருமல். உப்பளத்துக்குப் போகிற ஆள், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பு வார வேண்டும் என்று குறுக்கு வழியில் வந்திருக்கிறார். குந்தி உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாராம். வாயில் பீடி. எழுந்து எங்களைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"இன்னா மேஸ்திரி, பன்னி வந்துச்சா?"

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. "வரல" என்று நான்தான் சொன்னேன். அந்த மனுஷர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வருஷம் உப்பு விலை சுகமில்லை, பெரிய பெண்ணுக்கு அச்சிறுபாக்கத்தில் இடம் வந்திருக்கிறது என்று இன்னொரு பீடி தீரும் வரை பேசினார். பன்றி வந்தால் விடாதீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வரை தெரியாது.

அவர் போன பிறகு அப்பா இரண்டு குழலிலிருந்தும் தோட்டாவை எடுத்தார். கை நடுங்கியதில் ஒன்று மல்லாட்டைச் செடிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் மண்டிபோட்டுத் தேடி எடுத்தோம். வீடு வரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் மட்டும், "அம்மா கிட்ட சொல்லாதே" என்றார்.

அதற்கப்புறம் முப்பத்தாறு வருஷம் அவர் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்தார். எண்ணெய் போட்டுத் துடைத்தார். கல்யாணத்துக்கு, திருவிழாவுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். தோட்டா போட்டதில்லை. துப்பாக்கி வீடு என்ற பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலேயே அதிகமாக வரி கட்டிய ஊன்றுகோல் அதுதான்.

நான் சொல்லி முடிக்கும்போது வெளிச்சப் புள்ளி பக்கத்தில் வந்துவிட்டது. நெற்றியில் டார்ச் கட்டிய ஒரு அம்மா. கையில் தூக்குச் சட்டி.

"யாருப்பா அது, இந்நேரத்துல?"

"கிளியனூரும்மா. சும்மா நடக்க வந்தோம்."

"நடக்கவா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பூட்ஸு போட்டிருக்கீங்களே, சரி. அந்த வளைவுல பாத்துப் போங்க, கட்டுவிரியன் இருக்குது." போய்விட்டார்.

பையன் அந்த வெளிச்சம் உப்பளப் பக்கம் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் என் கையிலிருந்த கழியை வாங்கித் தரையைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஆனைமலைப் பயணம் நடந்ததா என்று கேட்பீர்கள். வேறு மாதிரி நடந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே மாநிலம் முழுவதும் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. அதில் ஒன்றுக்குப் பணம் கட்டினான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அதற்குப் பிறகு இப்படி முறைப்படி போவதுதான் புத்தி. கூட வந்த வழிகாட்டி அந்த மலைக்காரப் பையன். இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில்தான். காற்றை மோந்து பார்த்துவிட்டு, "யானை நிக்குது, அரை மணி நேரம் உக்காருவோம்" என்றானாம். உட்கார்ந்தார்களாம். "அவ்வளவுதான் மாமா, உட்கார்ந்தோம். அது போயிடுச்சு" என்று போனில் சொல்லும்போது பையனுக்கு ஒரே ஆச்சரியம்.

பன்றித் தொல்லை மட்டும் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். பன்றிக்கு யார் கிலோமீட்டர் கல்லைக் காட்டுவது என்று அத்தை மகன் கேட்கிறான். அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கு. அதில் நியாயமும் இருக்கிறது.

விண்ணப்பத்தை நான் போடவில்லை. துப்பாக்கியை எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமென்று தங்கையிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். அம்மாவிடம்தான் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். துப்பாக்கி வீடு என்ற பெயர் அவளுக்குத் தாலிக்கு அடுத்தபடி.

ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "குடுத்துடு. உங்கப்பாதான் அதுல குண்டே போடறதில்லையே" என்றாள்.

எனக்கு அன்னம் தொண்டையில் நின்றுவிட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"துணி துவைக்கிறவ நான்தானே? மல்லாட்டைக் கொல்லைக்குப் போய் வந்த அன்னிக்கு அவர் சட்டைப் பையில ரெண்டு தோட்டாவும் மண்ணோட கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கடா."